தாத்தா விட்டுப்போன மடக்குக்கத்தி: இது என்ன, என்ன விலை பெறும்?

குன்னூர்க்காரன் (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு ஓடு மாற்றுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு மடக்குக்கத்தி கிடைத்தது. சின்ன வயதில் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அவர் தொடவிட மாட்டார்.

மடக்கினால் 11 சென்டிமீட்டர். மளிகைத் தராசில் 190 கிராம். பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, ரம்பம், கார்க் திருகி, மரத்தில் துளை போடுகிற சின்னத் திருகு, தோலில் குத்துகிற ஊசி. இதுவரை புரிகிறது. மீதிதான் புரியவில்லை. முதுகுப் பக்கம் மடிந்து படுக்கிற ஒரு வளைந்த கொக்கி. அந்தக் கொக்கியின் உள்பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அரைவட்ட வெட்டுகள், ஒன்று பெரிது, ஒன்று சற்றுச் சிறிது. அப்புறம் ஒரு விசித்திரமான அலகு: நேராகப் போய், நுனிக்குக் கொஞ்சம் முன்னால் பக்கவாட்டில் கிளி மூக்கு மாதிரி ஒரு முக்கோணம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முக்கோணம் மட்டும்தான் கூர்.

பிடி வழவழப்பாக, பழைய வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது. பிடியின் ஒரு முனையில் இரண்டு சின்ன ஓட்டைகள், உடைந்த இடம் என்று நினைக்கிறேன். நடுவில் கேடயம் போல ஒரு சின்னத் தகடு, அதில் இரண்டு ஆங்கில எழுத்துகள் தேய்ந்து கிடக்கின்றன.

தாத்தா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை வீட்டுக் குதிரை லாயத்தில் சிறுவனாகச் சேர்ந்து, பிறகு அதே வீட்டில் பட்லராக இருந்தவர். துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்தது என்று அப்பா சொல்வார். ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடையில் காட்டினேன். "தந்தம் சார், மூவாயிரம் தருகிறேன்" என்றார். அவர் கண்ணில் தெரிந்த அவசரத்தைப் பார்த்துக் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஓட்டு வேலைக்குப் பணம் வேண்டும், ஏமாறவும் மனமில்லை.

படம் எடுப்பதற்காகப் பெரிய அலகைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பிராஸோ பாலிஷும் போட்டுப் பளபளப்பாக்கி இருக்கிறேன். மற்றவற்றை நாளை தேய்த்துவிட்டு மீதிப் படங்களைப் போடுகிறேன்.

பட்டாளத்தான் (ஞாயிறு இரவு)

பிரிட்டிஷ் ராணுவக் கத்தி தம்பி. இரண்டாம் உலகப் போரில் கொடுத்தது. என் பெரியப்பாவிடம் இருந்தது.

சாணைக்கல் (ஞாயிறு நள்ளிரவு)

தேய்ப்பதை நிறுத்துங்கள்! இதைப் படித்ததும் புளியை அடுப்படிக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மீதி ஏழு உறுப்புகளில் கை வைக்காதீர்கள்.

நூறு வருடமாக அந்த எஃகின் மேல் படிந்த சாம்பல் நிறம் அழுக்கு இல்லை, துருவும் இல்லை. சிவப்பாக, விரலில் பொடியாக ஒட்டினால் துரு. கறுப்பும் சாம்பலும் நீலமுமாக வழவழவென்று இருந்தால் அது எஃகு தனக்குத் தானே போர்த்திக்கொண்ட போர்வை. வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். புளி அதை அரிக்கிறது, சாம்பல் சுரண்டுகிறது, பிராஸோ மிச்சத்தையும் எடுத்துப்போகிறது. அலகின் அடியில் குத்தியிருக்கும் எழுத்துகள்தான் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். அவையும் மழுங்கும்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இரண்டாவது படத்தில் பெரிய அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு சிலுவையும் தெரிகிற மாதிரி இருக்கிறது. சிலுவையின் நான்கு கைகளும் வெளியே போகப் போக அகலமாகின்றனவா? வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து அடித்து இன்னொரு படம் போடுங்கள். எழுத்துகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள், எழுத்துக்கூட்டல் மாறாமல்.

பட்டாளத்தான் சார், ராணுவக் கத்தியில் கயிறு முடிச்சு அவிழ்க்கும் தடித்த இரும்பு முள் இருக்கும், தகர டப்பா திறப்பான் இருக்கும், பிடி கறுப்பாகச் சொரசொரவென்று கட்டம் போட்டிருக்கும், எங்காவது அகன்ற அம்புக்குறி குத்தியிருக்கும். இதில் நாலும் இல்லை.

குன்னூர்க்காரன் (திங்கள் காலை)

ஐயா, மன்னிக்கவும், இனி தொடமாட்டேன். வீட்டில் இருப்பவளும் இதையேதான் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

சிலுவை நீங்கள் சொன்ன மாதிரியேதான். எழுத்துகள்: முதலில் 'வி', ஒரு கிரீடம், 'ஆர்'. கீழே 'ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ்'. அதற்குக் கீழே 'கட்லர்ஸ் டு ஹர் மெஜஸ்டி'. அலகின் மறுபக்கம் '6 நார்ஃபோக் ஸ்ட்ரீட், ஷெஃபீல்ட்'. ராட்ஜர்ஸில் 'ஓ'வுக்கும் 'ஜி'க்கும் நடுவில் 'டி' இருக்கிறது.

மூர்மார்க்கெட் (திங்கள் காலை)

அந்த 'டி' இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தீர்களா? சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன் அங்கே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனவன் நான். 'ராட்ஜர்ஸ்' என்று நம்பி வாங்கியதில் பாதிக்கு மேல் 'டி' இல்லாத 'ரோஜர்ஸ்'. அசல் ராட்ஜர்ஸ் முத்திரையில் நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்து இருக்கும். இவற்றில் சிலதில் நட்சத்திரம் இருக்கும், சிலுவை இருக்காது. சிலதில் சிலுவை மாதிரி ஒரு பூ. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். அப்படி வாங்கிய பதினோரு கத்திகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, காய்கறி நறுக்க நன்றாகத்தான் இருக்கின்றன.

சாணைக்கல் (திங்கள் மதியம்)

மூர்மார்க்கெட் அண்ணன் சொல்வது சத்தியம். அந்தக் காலத்திலேயே இந்தப் பெயரைப் போலி செய்வது ஒரு தொழிலாக நடந்தது. ஜெர்மனியில் செய்த மட்டமான சரக்கில், கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டின் பெயரைக் குத்தி விற்றார்கள். ஷெஃபீல்ட்காரர்கள் போட்ட கூச்சலுக்கும் சேர்த்துத்தான் பிரிட்டனில் 1887இல் சரக்கு முத்திரைச் சட்டம் வந்தது.

குன்னூர்க்காரரே, உங்களுடையது அசல் என்றே எனக்குப் படுகிறது. முத்திரையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம். ஆறாவது படத்தில் அலகுகள் எல்லாம் மடிந்திருக்கும்போது ஒன்றோடு ஒன்று உரசாமல், நடுவில் ஒரு மயிரிழை இடம் விட்டுப் படுத்திருக்கின்றன பாருங்கள். எட்டு உறுப்புகளை 11 சென்டிமீட்டருக்குள் இப்படி அடக்கப் போலிக்காரனுக்குப் பொறுமை இருக்காது. முதுகில் உள்ள வில்களும் உள்தகடுகளும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படக் கூடாது.

இப்போது காலம். ஜோசப் ராட்ஜர்ஸ் ஷெஃபீல்டின் பெரிய கத்திக் கம்பெனிகளில் ஒன்று. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரிடம் அரசவைக் கத்திக்காரர் என்ற அந்தஸ்து பெற்றார்கள். அதே சமயத்தில், அந்த ஆண்டின் எண்ணுக்குச் சமமாக 1,822 அலகுகளோடு ஒரே கத்தி செய்து காட்சிக்கு வைத்தார்கள். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு 75 அலகுகள் கொண்ட நார்ஃபோக் கத்தி. அதன் அலகுகளில் சித்திரம் பொறித்திருக்கும். இதெல்லாம் விற்க இல்லை, வேடிக்கை காட்ட. உங்களிடம் இருப்பது அந்த வேடிக்கையின் வீட்டு உபயோகப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அலகில் ஆட்சியில் இருப்பவரின் முதலெழுத்தைக் குத்துவார்கள். 'வி ஆர்' என்றால் விக்டோரியா. 1837க்கும் 1901க்கும் நடுவில். 'ஹர் மெஜஸ்டி' என்பதும் ஒத்துப்போகிறது. அடுத்து வந்தவர்களுக்கு 'ஈ ஆர்', 'ஜி ஆர்'. 'இங்கிலாந்து' என்று தனியாக எங்கும் இல்லை என்பதையும் கவனித்தேன். அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் கேட்டதால் அதற்குப் பிறகு பல கத்திகளில் அந்தச் சொல் ஏறியது. ஆனால் இந்தியாவுக்கு வந்த சரக்கில் அது இருந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை, அதனால் அதை வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

64 வருட இடைவெளி பெரிது. அதைச் சுருக்க அந்த மூக்கும் அரைவட்டமும் உதவும் என்று நினைக்கிறேன். மூக்கு எனக்குத் தெரியும், ஆனால் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே ஒருவர் இருக்கிறார். டாக்டர் எங்கே?

மாட்டு டாக்டர் (திங்கள் இரவு)

இருக்கிறேன், இருக்கிறேன். இன்று ஒரு பசுவுக்குக் கன்று மாட்டிக்கொண்டது, இப்போதுதான் கை கழுவினேன்.

கொக்கி சுலபம். குதிரைக் குளம்பின் அடியில் லாடத்துக்குள் கல் சிக்கினால் குதிரை நொண்டும். இறங்கி, காலைத் தூக்கி, கொக்கியால் கல்லை நெம்பி எடுக்க வேண்டும். மலைப்பாதையில் குதிரை வைத்திருந்தவனுக்கு இது இல்லாமல் முடியாது. தோல் ஊசி சேணவார் அறுந்தால் தைக்க.

அந்தக் கிளி மூக்கைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது குதிரைக்கு ரத்தம் எடுக்கிற அலகு. படிக்கும்போது கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தது. கழுத்து ரத்தக்குழாயை விரலால் அழுத்திப் புடைக்கவைத்து, அந்த முக்கோணத்தை அதன்மேல் நிறுத்தி, ஒரு கனத்த கட்டையால் பின்னால் ஒரே தட்டு. முக்கோணம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உள்ளே போகும், அதற்குமேல் அலகின் உடல் தடுத்துவிடும். அதுதான் அந்த வடிவத்தின் சூட்சுமம். வேண்டிய அளவு ரத்தம் வடிந்ததும் காயத்தில் குண்டூசியைக் குத்தி, குதிரை வால் மயிரால் சுற்றிக் கட்டுவார்கள். காய்ச்சலா, ரத்தம் எடு. நொண்டுகிறதா, ரத்தம் எடு. மனிதர்களுக்கும் அப்போது அதுதானே வைத்தியம். பாவம் குதிரைகள், கல்லையும் மிதித்து ரத்தமும் கொடுத்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வைத்தியம் மதிப்பிழந்துவிட்டது. அதனால் கத்தி ரொம்பப் பிந்தியதாக இருக்காது என்பது என் ஊகம்.

குன்னூர்க்காரரே, அந்த முக்கோணத்தில் கறுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அதை மட்டும் தேய்த்துவிடாதீர்கள், எனக்காக!

சாணைக்கல் (திங்கள் இரவு)

நன்றி டாக்டர். ஒரு திருத்தம் மட்டும். வைத்தியம் ஒழிந்த பிறகும் கத்திக்காரர்கள் சட்டென்று வடிவத்தை மாற்றிவிடுவதில்லை. வாங்குகிறவர் 'எத்தனை உறுப்பு' என்று எண்ணுகிறவர். எனவே மூக்கு இருப்பதை மட்டும் வைத்துக் கத்தி பிந்தியது இல்லை என்று சொல்லிவிட முடியாது. அரைவட்டம்தான் இனி நம்பிக்கை.

தோட்டத்துப் பையன் (செவ்வாய் காலை)

அரைவட்டம் இரண்டின் அகலத்தையும் அளந்து சொல்ல முடியுமா அண்ணா? ஸ்கேல் போதாது. ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் இருக்கும்.

குன்னூர்க்காரன் (செவ்வாய் மாலை)

பெரியது 21 மில்லிமீட்டர், சின்னது 19. ஒர்க்‌ஷாப் பையன் 'எதுக்கு சார், பைப் ஸ்பேனரா' என்று கேட்டான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தோட்டத்துப் பையன் (செவ்வாய் இரவு)

ஸ்பேனர் இல்லை அண்ணா, தோட்டா இழுப்பான்! பெரியது 12 போர், சின்னது 16 போர். எங்கள் அப்பா வால்பாறையில் எஸ்டேட் கிளார்க், காட்டுப்பன்றிக்காக மேனேஜர் வைத்திருந்த துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது அவர் வேலை. அதனால் இந்த எண்கள் எனக்கு வாய்ப்பாடு மாதிரி.

போர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு பவுண்டு ஈயத்தைக் குழலுக்குச் சரியாகப் பொருந்துகிற உருண்டைகளாக வார்த்தால் 12 உருண்டை வந்தால் 12 போர், 16 வந்தால் 16 போர். அதனால்தான் எண் கூடினால் குழல் சிறுக்கிறது.

அந்தக் காலத் தோட்டாவின் உடல் வெறும் அட்டை, அடியில் மட்டும் பித்தளை. நம் மலை மூடுபனியில் ஒருநாள் பையில் கிடந்தால் அட்டை ஈரம் குடித்து உப்பிவிடும். சுட்டபின் குழலுக்குள்ளேயே இறுகி உட்கார்ந்துகொள்ளும், நகத்தால் இழுத்தால் வராது. பித்தளை விளிம்பின் கீழ் இந்த அரைவட்டத்தை மாட்டி இழுத்தால் வந்துவிடும். அரைவட்டத்தின் ஓரத்தில் உதடு மாதிரி மெல்லிய விளிம்பு இருக்குமே, தடவிப் பாருங்கள்.

ஆக, குதிரையில் ஏறிக் காட்டுக்குப் போய், கோழியோ பன்றியோ சுட்டு, நிழலில் உட்கார்ந்து புட்டி திறக்கிற ஒருவனுடைய கத்தி. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வேட்டைநாய்களோடு நரி விரட்டியது எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. இங்கிலாந்து நரி கிடைக்காததால் நம்மூர்க் குள்ளநரியை விரட்டினார்கள்.

சாணைக்கல் (செவ்வாய் இரவு)

தம்பி, பிரமாதம். இதுதான் தேடிய சாவி. பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற, நடுவில் அடிபட்டு வெடிக்கிற வகைத் துப்பாக்கி 1860களில்தான் இங்கிலாந்தில் பரவியது. அதற்கு முன் பெரும்பாலும் குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்தார்கள், அவற்றில் இழுக்கத் தோட்டாவே கிடையாது. இந்த அரைவட்டத்துக்கு அதற்கு முன் வேலை இல்லை. ஆக 1860களுக்கும் 1901க்கும் நடுவில். மூக்கையும் கணக்கில் எடுத்தால் அந்த இடைவெளியின் முதல் பாதி என்று என் மனம் சொல்கிறது. எழுதிக் கொடுக்கச் சொன்னால் 'விக்டோரியா காலம், 1860களுக்குப் பின்' என்று மட்டும் எழுதுவேன்.

இந்த வகையை விளையாட்டு வேட்டைக்காரர் கத்தி, குதிரைக்காரர் கத்தி என்று இரண்டு பெயரிலும் சொல்வார்கள். உங்களுடையது இரண்டும்.

பிடி முனையில் இருக்கும் இரண்டு ஓட்டைகளை 'உடைந்த இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உடைசல் இல்லை. ஒன்றில் சின்ன முள்வாங்கி, இன்னொன்றில் பல் குத்தி அல்லது ஊசி செருகியிருக்கும். பெட்டியை இன்னொரு முறை கொட்டிப் பாருங்கள். இவை தொலையாமல் இருக்கும் கத்தி அபூர்வம்.

கத்திப்பிரியன் (புதன் காலை)

எஃகு அசலா என்று பார்க்க அலகில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். கறுத்தால் பழைய எஃகு, கறுக்காவிட்டால் ஸ்டெயின்லெஸ். ஸ்டெயின்லெஸ் ஷெஃபீல்டிலேயே 1913இல்தான் வந்தது. அப்படி இருந்தால் போலி என்று தெரிந்துவிடும்.

மூர்மார்க்கெட் (புதன் காலை)

புளியை இப்போதுதான் பிடுங்கி வைத்தோம், நீங்கள் எலுமிச்சையைக் கொண்டுவருகிறீர்கள். ஆண்டு சரி, வைத்தியம் தப்பு. மற்ற ஏழு உறுப்புகளும் கறுத்துக் கிடப்பதே அத்தாட்சி, சொட்டு எதற்கு?

குமாஸ்தா (புதன் மதியம்)

யாரும் முக்கியமான விஷயத்தைத் தொடவில்லை. கடைக்காரர் 'தந்தம்' என்றார் என்கிறீர்கள். அது தந்தமாக இருந்தால் விலை பேசுவதே தப்பு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி யானைத் தந்தத்தை விற்க முடியாது. ஆப்பிரிக்கத் தந்தம் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது, 1991 திருத்தத்தில் அதையும் அடைத்துவிட்டார்கள். பழசு என்பதும் விற்பதற்குச் சாக்கு ஆகாது. அந்தக் கடைக்காரர் மூவாயிரம் தருகிறேன் என்றது உங்களுக்கு நல்லதல்ல, அவருக்கும்தான்.

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியும்வரை வாட்ஸ்அப் குழுக்களில் 'தந்தப் பிடி' என்று எழுதிப் படம் அனுப்பாதீர்கள்.

குன்னூர்க்காரன் (புதன் மதியம்)

ஐயையோ. ஏற்கெனவே மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். அவன் அவனுடைய அலுவலகக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறான். இன்று ராத்திரி தூக்கம் வராது.

சாணைக்கல் (புதன் மாலை)

பயப்பட இன்னும் நேரம் இருக்கிறது. ராட்ஜர்ஸ் தந்தத்துக்குப் பேர்போனவர்கள்தான், அவர்கள் கிடங்கில் தந்தம் அடுக்கி வைத்திருக்கும் பழைய படங்கள் உண்டு. ஆனால் எலும்பும், மான் கொம்பும், ஆமை ஓடும், கருங்காலியும்கூட அதே பட்டறையில்தான் பிடியாயின. வெண்ணெய் நிறமாக இருப்பதெல்லாம் தந்தம் இல்லை.

பிடியின் தட்டை முகத்தைப் பார்க்காதீர்கள். முனையில் உள்ள உலோகப் பூணுக்குப் பக்கத்தில் பிடி வெட்டுப்பட்டு முடியும் ஓரத்தைப் பாருங்கள். அங்கேதான் குறுக்கு வெட்டு தெரியும். நல்ல வெயிலில், பூதக்கண்ணாடி வைத்து. தந்தமாக இருந்தால் நெசவில் ஊடும் பாவும் குறுக்கிடுகிற மாதிரி வளைந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். எலும்பாக இருந்தால் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள், நீளவாக்கில் பார்த்தால் அவையே சின்னச் சின்னக் கீறல்கள். அவை ரத்தம் ஓடிய நுண்குழாய்கள், நூறு வருட அழுக்கு அவற்றில் ஏறியிருக்கும். கோடுகள் நோட்டுப் புத்தகத்தில் அடித்த மாதிரி சமமாக, நேராக ஓடினால் செல்லுலாய்ட் என்ற பழைய பிளாஸ்டிக்.

யாராவது 'சூடான ஊசி வைத்துப் பார்' என்று சொல்வார்கள். வைக்காதீர்கள். செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பிடிக்கும், மற்றதாக இருந்தால் வடு நிற்கும்.

குன்னூர்க்காரன் (வியாழன் காலை)

புள்ளிகள்! மிளகுத்தூளேதான். இரண்டு பக்கப் பிடியிலும். படம் 9, 10 பாருங்கள். மகளின் அறிவியல் கிட்டில் இருந்த லென்ஸை போன் கேமராவில் ஒட்டி எடுத்தேன். கீறல்களும் தெரிகின்றன. குறுக்குக் கோடு எதுவும் இல்லை.

மாட்டு டாக்டர் (வியாழன் காலை)

மாட்டு எலும்பு. இதில் சந்தேகமே இல்லை, தினமும் பார்க்கிற சாமான். கால் எலும்பின் கெட்டியான பகுதி. மச்சானிடம் சொல்லி அலுவலகக் குழுவுக்கும் இதை அனுப்பச் சொல்லுங்கள்.

குமாஸ்தா (வியாழன் மதியம்)

நல்லது. அப்படியானால் வனச்சட்டம் ஓரம்போகிறது. ஆயுதச் சட்டமும் பிரச்சினை இல்லை. உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுக்கு, இது அதில் பாதிகூட வராது. விமானத்தில் மட்டும் கைப்பையில் வைத்துவிடாதீர்கள்.

ஆனால் இன்னொன்று பாக்கி. நீங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தி 1901க்கு முந்தியது என்று நிரூபித்துவிட்டீர்கள். நூறு வருடத்தைத் தாண்டினால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின் கண்ணில் அது தொல்பொருள். நாட்டுக்குள் ஒருவர் தன் வீட்டுப் பொருளை விற்கலாம். வியாபாரமாகச் செய்யத்தான் உரிமம். வெளிநாட்டுக்குத் தனிநபர் அனுப்ப முடியாது, கூரியரிலும் முடியாது.

லெஸ்டர்வாசி (வியாழன் இரவு)

நான் இங்கே விலையோடு வந்தேன், குமாஸ்தா கதவைச் சாத்திவிட்டார்! இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருப்பது நல்லதுதானே.

நான் இங்கிலாந்தில் சின்ன ஏலக்கூடங்களுக்கு வார இறுதியில் போகிறவன். ராட்ஜர்ஸ் முத்திரையோடு பல உறுப்புகள் கொண்ட விக்டோரியா காலக் கத்தி, எல்லா உறுப்பும் முழுதாக இருந்தால் சில நூறு பவுண்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். தந்தமோ ஆமை ஓடோ இருந்தவை ஒரு காலத்தில் இன்னும் மேலே போயின. 2022இல் இங்கே தந்தச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு தந்தப் பிடிகளைத் தொடவே பயப்படுகிறார்கள், எலும்புப் பிடி அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. ஆனால் ஏலத்தில் சுத்தியல் விழும் விலை வேறு, விற்கிறவர் கையில் வருவது வேறு. வாங்குகிறவரிடம் கால் பங்குபோல் கட்டணம், விற்கிறவரிடம் தனியாக ஒரு கட்டணம். இணையத்தில் 'கேட்கும் விலை' என்று போடுவதை நம்பவே நம்பாதீர்கள். அது கேட்கிறவனின் ஆசை மட்டுமே. விற்று முடிந்தவற்றின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

குன்னூர்க்காரன் (வியாழன் இரவு)

அப்போது என் கத்திக்கு இங்கே என்ன விலை? சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள் ஐயா.

சாணைக்கல் (வெள்ளி காலை)

சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதலில் தேய்மானம். பெரிய அலகின் அடியில், பிடியை ஒட்டி, சாணை படாத ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதுதான் பிறந்தபோது இருந்த அகலம். அதிலிருந்து வாய்க்கு இறங்கும்போது ஒரு படி தெரிகிறது பாருங்கள், படம் 4. என் கணக்கில் அலகில் மூன்றில் ஒரு பங்கு காணோம். தாத்தா நாற்பது ஐம்பது வருடம் கல்லில் தீட்டித் தின்றிருக்கிறார். அவர் காட்சிக்கு வைக்கவில்லை, வேலை வாங்கியிருக்கிறார்.

சின்ன அலகின் நுனி முறிந்து மறுபடி உருட்டப்பட்டிருக்கிறது. ரம்பம், மூக்கு, திருகு மூன்றும் புத்தம் புதுசு மாதிரி இருக்கின்றன, அவருக்கு அவை தேவைப்படவில்லை போல. திறந்து மூடும்போது எல்லா உறுப்பும் 'டக்' என்று உட்காருகிறதா? தொளதொளவென்றால் வில் சோர்ந்துவிட்டது என்று பொருள். பிடியில் வெடிப்பு இல்லை, அது பெரிய விஷயம். முள்வாங்கியும் பல் குத்தியும் இல்லை. பெரிய அலகு புளி குளித்துவிட்டது.

இந்தியாவில் மடக்குக்கத்தி சேகரிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். வெளிநாட்டு விலையை ரூபாயில் பெருக்கிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். நான் வாங்குகிறவனாக இருந்தால் இந்த நிலையில் 12,000 தருவேன். புளி போடாமல் இருந்திருந்தால் 15,000. சின்னச் சாமான்கள் இரண்டும் இருந்திருந்தால் 20,000க்கு மேல் யோசிக்காமல். என்னைவிட ஆசைப்பட்டவர் கூடக் கொடுப்பார், அது அவர் பாடு. மூவாயிரத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

கத்திப்பிரியன் (வெள்ளி காலை)

அந்தத் தகட்டில் உள்ள இரண்டு எழுத்தை மறந்துவிட்டீர்களே! நீலகிரித் தோட்டக்காரர்கள் பட்டியலில் அந்த முதலெழுத்து உள்ள துரையைக் கண்டுபிடித்தால் விலை பத்து மடங்கு ஆகாதா?

மூர்மார்க்கெட் (வெள்ளி மதியம்)

தேய்ந்த இரண்டு எழுத்தை வைத்து எந்தத் துரையையும் கண்டுபிடிக்கலாம், அதுதான் சிக்கல். தாத்தாவிடம் கொடுத்த துரையே அதைத் தன் அப்பாவிடமோ ஏலத்திலோ வாங்கியிருக்கலாம், கத்தி அவரைவிட வயதில் மூத்தது. கதையோடு விற்க வேண்டுமானால் கடிதமோ, பெயர் எழுதின ரசீதோ, படமோ வேண்டும். இல்லாவிட்டால் கதை வாய்க்கு ருசி, அவ்வளவே. குன்னூர்க்காரரே, அப்பா சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, தாத்தாவின் சம்பளச்சீட்டு ஏதாவது இருந்தால் சேர்த்து வையுங்கள். கூட்டி எழுத வேண்டாம்.

சாணைக்கல் (வெள்ளி மாலை)

பராமரிப்புப் பற்றிக் கேட்டுத் தனிச் செய்தி வந்தது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மூட்டுகளில். மெல்லிய துணியால் அலகுகளில் ஒரு துடைப்பு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கெடுத்துப் பிசினாகும். தோல் பையில் போட்டு மூடி வைக்காதீர்கள், தோல் பதனிட்ட உப்பும் குன்னூர் ஈரமும் சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் துரு. பருத்தித் துணியில் சுற்றி, மாத்திரை டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு கூடப் போட்டு, அதே தகரப்பெட்டியில் வையுங்கள்.

குன்னூர்க்காரன் (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் ஒரு செய்தி. பெட்டியை இரண்டு முறை கொட்டியும் ஒன்றும் இல்லை. இன்று மதியம் அம்மாவிடம் எதேச்சையாக, 'இந்த ஓட்டையில் ஒரு முள்வாங்கி இருந்ததாம்' என்று சொன்னேன். அம்மா எழுந்துபோய்த் தன் தையல் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளம்கூட இல்லை, எஃகு, தலையில் சின்னக் குமிழ். 'இது உங்கப்பத்தா முள்வாங்கிடா, கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எனக்குத் தெரியும்' என்றார். தேயிலைக்காட்டுக்கு வெறுங்காலில் போய் வந்தவர்களின் காலில் எல்லாம் அப்பத்தா அதை வைத்துத்தான் முள் எடுப்பாராம். தெருவே வரிசையில் உட்காருமாம்.

ஓட்டையில் செருகினேன். கடைசியில் ஒரு 'டக்'. குமிழ் பிடியின் விளிம்போடு சமமாக உட்கார்ந்தது. படம் 14. பல் குத்தி கிடைக்கவில்லை.

வீட்டு ஓடு மாற்றுகிறவரிடம் பாதி இப்போது, பாதி தை மாதம் என்று பேசியிருக்கிறேன். சாணைக்கல் ஐயா, உங்கள் 12,000ஐ இப்போதைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். முள்வாங்கி இல்லாமல் தன்னால் முடியாது என்று அம்மா ராத்திரியே திருப்பிக் கேட்கிறார்.